ஒரு பிடி மண்ணுக்கு வழியில்லை

அவளுடைய உயரம் நாலே முக்கால் அடி. சபையில் விழுந்த பட்டப்பெயர் ஆறடியக்கா. கல்லறைத் தோட்டத்தில் குழி வெட்டுகிறவளுக்கு வேறென்ன பெயர் விழும்? ஆரம்பத்தில் முதுகுக்குப் பின்னால் சொன்னார்கள். போகப்போக முகத்துக்கு நேராகவே கூப்பிட்டார்கள். ஞானஸ்நானத்தில் வைத்த பெயர் சபைப் பதிவேட்டில் பத்திரமாக இருக்கிறது. அதை எடுத்துப் பார்க்கிற அவசியம் யாருக்கும் வரவில்லை.

ஆராதனை முடிந்து வாசலில் எல்லோரும் கை குலுக்கிக்கொள்ளும்போது அவள் பக்கம் நீளுகிற கைகள் கொஞ்சம் குறைவு. "அவ பார்த்தாலே அளவெடுக்கற மாதிரி இருக்குப்பா" என்று பாடகர் குழுவில் ஒருவர் சொல்ல, அது சிரிப்போடு சபை முழுக்கச் சுற்றி வந்தது. அதில் பொய்யும் இல்லை. ஓர் ஆளைப் பார்த்தால் ஐந்தடி ஏழா எட்டா என்று அவள் கண் தன்பாட்டுக்குச் சொல்லிவிடும். தொழில் பழக்கம். பல் வைத்தியர் பல்லைப் பார்க்கிறார், அதற்கு யாரும் கோபித்துக்கொள்வதில்லை.

குழி வெட்டுவது முதலில் அவள் கணவரின் வேலை. பத்தொன்பது வருடத்துக்கு முன்னால், மழை விட்ட ஒரு சாயங்காலம், பாதி வெட்டிய குழியின் பக்கம் சரிந்து அவர் இடுப்பில் விழுந்தது. அவர் ஆஸ்பத்திரியில் கிடக்கிறார், மறுநாள் அடக்கம், குழி பாதியில் நிற்கிறது. வேறு ஆள் யாரும் வரவில்லை. அவள் செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு இறங்கினாள். அன்றைக்கு இறங்கியவள்தான். கணவர் இப்போது ஜன்னலோரம் நாற்காலி போட்டு, குடையும் இஸ்திரிப்பெட்டியும் பழுது பார்க்கிறார். யாராவது அவரிடம், "உங்க வீட்ல வேலைக்குப் போறாங்களா?" என்று கேட்டால், "ஆமா, மேல இருக்கறவங்களைக் கீழ இறக்கற உத்தியோகம்" என்பார்.

குழி என்றால் தோண்டிப் போடுவது என்றுதான் ஊருக்கு நினைப்பு. அவளுக்கு ஒரு முறை இருந்தது. மேலே ஒரு சாண் மண் கறுப்பு, பொலபொலவென்று வேரும் உயிருமாக இருக்கும். அதைத் தனியாக வெட்டி வலது பக்கம் குவிப்பாள். அதற்குக் கீழே செம்மஞ்சள், அது இடது பக்கம். இன்னும் கீழே களிமண், அதைத் தலைமாட்டில். மூடும்போது களி முதலில், கறுப்பு கடைசியில். எது எங்கே இருந்ததோ அது அங்கேயே போகும். அப்படி மூடினால் நாற்பது நாளில் மேடு பச்சை கட்டிவிடும். கலந்துகட்டி மூடினால் வருடம் ஆனாலும் மொட்டையாகவே நிற்கும். "மண்ணுக்கும் மேல் கீழ் உண்டு. நம்ம இஷ்டத்துக்குப் பொரட்டினா அது முகத்தைத் திருப்பிக்கும்" என்பாள்.

அவளுக்கு சபையில் ஒரே ஒரு சிநேகிதி. கல்லறைச் சுவருக்குப் பின்னால் இருக்கிற தெருவில், இவள் வீட்டுக்கு மூன்று வீடு தள்ளி இருந்த தையலம்மா. பாடகர் குழுவின் அங்கி முழுக்க அவள் தைத்தது. கணவரை இழந்தவள், மருந்துக்கடையில் வேலை பார்க்கிற ஒரே மகள். வாய் கத்தரிக்கோல்.

"நீயும் அளவெடுக்கறே, நானும் அளவெடுக்கறேன். ஆனா ஒண்ணுடி, என்கிட்ட வர்றவங்க ரெண்டாவது தடவை வந்து இடுப்புல பிடிக்குதுன்னு சண்டை போடறாங்க. உன்கிட்ட யாராவது திரும்ப வந்தாங்களா?"

"என் தையல் அப்படி" என்பாள் ஆறடியக்கா.

தையல் மெஷினுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பட்டன் கோத்துக் கொடுத்த ஒரு மதியம், தையலம்மா தன் அடக்கத்துக்கும் அளவு கொடுத்துவிட்டாள். "எனக்குப் பெட்டிக்கு வெளியில இன்னொரு கல்லுப்பெட்டி வேணாம். மண்ணுல வை. போர்த்தற துணியும் பருத்தியா இருக்கட்டும். பாலியெஸ்டரைச் சுத்தி அனுப்பிடாதீங்க. அது நியாயத்தீர்ப்பு நாள் வரைக்கும் மக்காது. ஆண்டவர் எழுப்பும்போது நான் கசங்காம பளபளன்னு நின்னா அசிங்கமா இருக்கும்."

"சரிடி, மண்ணுலதான். சத்தியமா." ஆறடியக்கா அதைப் பேச்சுக்குச் சொல்லவில்லை.

இதற்கெல்லாம் நடுவில்தான் கல்லறைக் கமிட்டிக்குப் புதுச் செயலாளர் வந்தார். அரசாங்கத்தில் பாலமும் வடிகாலும் கட்டி ஓய்வு பெற்றவர். நல்ல மனிதர் என்று எல்லோரும் சொன்னார்கள். வெள்ளைச் சட்டை, வெள்ளைக் கைக்குட்டை, ஜெபத்தில் உரத்த குரல். அவருக்கு இந்த உலகத்தில் ஒரே ஒரு விரோதி இருந்தது. சேறு. போன மழைக்காலத்தில் யாரோ பெரிய மனிதர் தன் அப்பாவின் கல்லறைக்குப் பூ வைக்க வந்து, சப்பாத்து முழுக்கச் சேறாகி, முகம் சுளித்துக்கொண்டு போனாராம். அதைச் செயலாளரால் தாங்க முடியவில்லை. வாடகைக்குக் கொடுத்த மண்டபத்துக்கு வந்த விருந்தாளி முன்னால் மானம் போனதுபோல் ஆகிவிட்டது அவருக்கு.

முதலில் களைக்கொல்லி வந்தது. முதுகில் டப்பா கட்டிய இரண்டு பேர் இரண்டு ஏக்கரையும் ஒரே காலையில் நனைத்துவிட்டுப் போனார்கள். புல் மஞ்சளாகி, பிறகு காக்கியாகி, படுத்தது. மூன்றாவது நாள் நடைவழி முழுக்க மண்புழு. அறுந்த நூல்போல, சுருண்டு, காய்ந்து. அவள் துடைப்பத்தால் கூட்டினாள். இரும்புச் சட்டி பாதி நிறைந்தது. அந்தச் சட்டியைத் தூக்கிக்கொண்டு நேராக ஆலயத்தின் பக்க அறைக்குப் போனாள். கமிட்டி உட்கார்ந்திருந்தது. பிஸ்கெட், தேநீர்.

"என்னம்மா, யார் போயிட்டாங்க?" என்றார் செயலாளர். அவள் அந்த அறைக்கு வந்தால் யாரோ இறந்திருக்க வேண்டும் என்பது அங்கே வழக்கம்.

"இவ்வளவு பேர் சார்" என்று சட்டியை மேஜைமேல் வைத்தாள்.

ஒருவர் தேநீர்க் கோப்பையை அவசரமாக நகர்த்தினார். செயலாளர் எட்டிப் பார்த்தார். "அதுக்கென்ன, ஒரு நினைவு ஆராதனை வெச்சிடலாமா?"

அறை சிரித்தது. பாஸ்டரும் சிரித்தார், சிரித்துவிட்டுக் கீழே குனிந்துகொண்டார். சின்ன வயசுக்காரர், நல்லவர், ஆனால் செயலாளர் இருமினால்கூடக் கையெழுத்துப் போட்டுவிடுவார்.

"சார், நான் வெட்டற மண்ணை மண்ணா வெச்சிருக்கறது இதுங்கதான். இது செத்தா நான் வெட்டறது மண்ணில்ல, செங்கல்லு."

"நீ பழைய காலத்துலயே இருக்கேம்மா. இந்த பூமியே ஒரு நாள் எரிஞ்சு ஒழியப்போகுது. புது வானம், புது பூமி வரப்போகுது. நமக்கு ஆத்துமாதான் முக்கியம். நீ புழுவைத் தூக்கிக்கிட்டு வந்து நிக்கறே."

அவள் முகம் சிவந்தது. "வாடகை வீட்டைக் காலி பண்ணப் போறோம்னு கக்கூஸை உடைச்சுப் போட்டுட்டா வருவீங்க? வீட்டுக்காரர் கேக்கமாட்டாரா?"

ஒரு பிஸ்கெட் தேநீரில் விழுந்த சத்தம் கேட்டது. செயலாளர் கைக்குட்டையால் நெற்றியைத் துடைத்துக்கொண்டு, "அடுத்த விஷயம்" என்றார்.

அடுத்த விஷயம் சிமெண்ட் கல். நடுப்பாதை, குறுக்குப் பாதை, கல்லறைகளுக்கு நடுவில் இருக்கிற சந்து, எல்லாவற்றையும் ஒன்றோடொன்று கோக்கிற சாம்பல் நிறக் கல்லால் மூடினார்கள். கார் உள்ளேயே வந்து திரும்பலாம். வாசலில் இருந்த மரப்பலகை போய், எவர்சில்வர் எழுத்தில் புதுப் பலகை வந்தது. பழைய பலகையில் 'கல்லறைத் தோட்டம்' என்று இருந்தது. புதியதில் 'கல்லறை வளாகம்.'

அவள் பலகையைப் பொருத்துகிற ஆளின் ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "தோட்டம் எங்கே சார் போச்சு?"

"தோட்டம்னு போட்டா, செடி எங்கேன்னு கேப்பாங்க இல்லையா?" என்றார் செயலாளர். கேலியாகக்கூட இல்லை, நியாயமாகத்தான் சொன்னார். அதுதான் அவளுக்கு வயிற்றெரிச்சல்.

அன்று மதியம் தையலம்மா வீட்டில் அவள் கொட்டித் தீர்த்தாள். "ஆண்டவர் உயிர்த்தெழுந்த காலையில, அந்த மரியாள் அழுதுகிட்டே அவரைப் பார்த்துட்டு, யாரோ தோட்டக்காரர்னு நினைச்சாங்க இல்ல? எனக்கு அந்த இடம்தான் ரொம்பப் பிடிக்கும். அது தப்பே இல்லடி. மொத மனுஷனை அவர் எங்க வெச்சார்? தோட்டத்துல. என்ன வேலை குடுத்தார்? பார்த்துக்கோன்னார். எழுந்து வந்து நின்னப்போ எப்படித் தெரிஞ்சார்? தோட்டக்காரரா. இப்ப நம்ம கல்லறைக்கு வந்தார்னு வெச்சுக்கோ, யாருன்னு நினைப்பாங்க?"

"கல்லு பதிக்கற கான்ட்ராக்டர்" என்றாள் தையலம்மா, ஊசியை வாயில் கவ்வியபடியே. "பில்லைக் குடுத்துட்டுப் போங்கன்னுடுவாங்க."

இவ்வளவுக்குப் பிறகும் ஒரு மூலை மிஞ்சியிருந்தது. கிழக்கே, சுவரோரம், தாழ்ந்த ஒரு பள்ளம். இரண்டு ஏக்கரில் விழுகிற மழை முழுக்க அங்கே வந்து தேங்கும். பத்து நாள் தவளை கத்தும். பதினோராவது நாள் தண்ணீர் இருக்காது, கீழே இறங்கியிருக்கும். சுவருக்குப் பின்னால் இருக்கிற தெருவின் கிணறுகள் எல்லாம் அந்தத் தண்ணீரைக் குடித்துத்தான் வாழ்ந்தன. இதை யாரும் திட்டம் போட்டுச் செய்யவில்லை. படைத்தவரே போட்டு வைத்த தொட்டி. முப்பது வருடம் வடிகாலும் மதகும் கட்டிய மனிதருக்கு அது கண்ணில் படவில்லை. அவருக்குத் தெரிந்ததெல்லாம், 'உபயோகம் இல்லாத தாழ்வான பகுதி.'

ஆலயத்துக்குப் பின்னால் இருந்த பழைய கூடத்தை அதே சமயத்தில் இடித்தார்கள். இடிபாட்டை எங்கே கொட்டுவது? பதினோரு லாரி, பின்பக்கமாக வந்து, பள்ளத்தில் கவிழ்த்துவிட்டுப் போனது. மேலே இரண்டு லாரி கிராவலைப் பரப்பி உருட்டினார்கள். பார்க்கச் சமமாக, சிவப்பாக, டென்னிஸ் விளையாடலாம்போல இருந்தது. "இனிமே இடவசதி இல்லாதவங்களை இங்க அடக்கம் பண்ணலாம்" என்று செயலாளர் அறிவித்தார். இடவசதி இல்லாதவர் என்றால் குடும்பக் கல்லறை கட்டி வைக்காதவர் என்று பொருள்.

அந்த மாதமே பாஸ்டர் படைப்பைப் பேணுவதைப் பற்றி ஒரு பிரசங்கம் செய்தார். அருமையான பிரசங்கம். பறவைகள், புஷ்பங்கள், நதிகள். சபை முழுக்க 'ஆமென்' சொன்னதில் செயலாளரின் ஆமென் தனியாகக் கேட்டது. கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்த ஆறடியக்காவுக்குப் பல்லைக் கடித்ததில் தாடை வலித்தது. அவர் சொன்னதில் ஒரு வார்த்தை தவறில்லை. ஆனால் அந்த நதியும் பறவையும் எங்கோ தொலைவில், படத்தில் இருந்தன. ஆலயச் சுவருக்கு அந்தப் பக்கம் இருந்த தவளை அவருடைய பிரசங்கத்துக்குள் வரவில்லை.

அடுத்த மழையில் தண்ணீர் போக இடமில்லாமல் சுவரைத் தாண்டித் தெருவுக்குள் வந்தது. வடிந்த பிறகு, கிணற்றில் வாளி விட்டால் பெயின்ட் வாசனை. தையலம்மா ஒரு குவளையை மோந்து பார்த்துவிட்டு, "இதுல துணியைத் துவைச்சா சாயம் போகாது, ஏறும்" என்றாள். தெரு சேர்ந்து ஒரு மனு எழுதியது. தையலம்மாதான் முதல் கையெழுத்து. கமிட்டி அதைப் பரிசீலனையில் வைத்தது. மனு பரிசீலனையில் இருக்கும்போதே, ஒரு செவ்வாய்க்கிழமை காலை, மெஷின் பெடலில் காலை வைத்தபடியே தையலம்மா தலையைச் சாய்த்துவிட்டாள்.

செயலாளர் கைபேசியில் கூப்பிட்டார். "கிழக்கு மூலையில முதல் இடம். நாளைக்கு மூணு மணிக்கு அடக்கம். காலையிலயே வெட்டிடு."

"சார், அங்க மண்ணு இல்ல."

"ரெண்டு லோடு கிராவல் போட்டிருக்கோம்மா."

"நடுப்பாதைக்குப் பக்கத்துல..."

"அதெல்லாம் கல்லு பதிச்ச இடம். ஒருத்தருக்காக உடைக்க முடியுமா?" வைத்துவிட்டார்.

மறுநாள் விடிந்ததும் இறங்கினாள். அளவு அவளுக்குக் கேட்க வேண்டியதில்லை, ஐந்தடி இரண்டு. அரை அடி கிராவல் சுலபமாக வந்தது. அதற்குக் கீழே கடப்பாரை கணீரென்று எகிறியது. ஒரு வாஷ்பேசினின் பாதி. அதைப் பெயர்த்தால் கம்பி நீட்டிய கான்கிரீட். மின்சார ஒயர், முடிச்சு முடிச்சாக. உடைந்த ஆஸ்பெஸ்டாஸ் ஓடு. டியூப்லைட் கண்ணாடி நொறுங்கி அவள் குதிகாலில் ஏறியது. பெயின்ட் டப்பா ஒன்று, மூடி திறந்து, உள்ளே பச்சை இன்னும் பசைபோல. மூன்றரை அடியில் தண்ணீர் ஊறத் தொடங்கியது. கறுப்பாக, மேலே வானவில் நிறத்தில் எண்ணெய் படர்ந்து. ஏழு மணி நேர வேலை. வலது பக்கம், இடது பக்கம், தலைமாடு என்று பிரித்துக் குவிக்க எதுவும் இல்லை. எல்லாப் பக்கமும் ஒரே குப்பை. குழி என்று சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை.

ஒரு மணிக்குச் செயலாளர் வந்தார். பின்னால் ஓர் ஆள், கையில் சுருட்டிய பச்சைப் பாய். நிஜப் பாய் இல்லை. கடைகளின் வாசலில் போடுகிற பிளாஸ்டிக் புல்.

"குழியைச் சுத்தி இதை விரிச்சிடு. குவியல் மேலயும் போட்டு மூடிடு. பார்க்கறவங்களுக்கு லட்சணமா இருக்கும்." அப்புறம் ஒரு பையை நீட்டினார். பூந்தொட்டிக்கு வாங்குகிற மண், கடையில் விற்பது, பளபளக்கிற பையில். பைமேல் ஒரு செம்பருத்திப் படம். "சொந்தக்காரங்க பிடி மண்ணு போடறதுக்கு. தட்டுல கொட்டி வெச்சிடு."

அவள் பையைப் பார்த்தாள். பாயைப் பார்த்தாள். இரண்டு ஏக்கர் மண் இருந்த இடம். அங்கே ஒரு பிடி மண்ணுக்குக் கடையில் போய் நிற்க வேண்டியிருக்கிறது. தலைக்குள் ஏதோ சூடாக ஏறியது. ஆனால் அவள் கத்தவில்லை. குழியிலிருந்து ஒரு சட்டியை நிரப்பினாள்: வாஷ்பேசின் துண்டு, ஒயர், அந்தக் கறுப்பு நீர் சொட்டுகிற ஓடு. இடுப்பில் தூக்கி வைத்துக்கொண்டு வாசலைப் பார்த்து நடந்தாள்.

"எங்கே போறே? ஏய், எங்கே போறே?"

"சொந்தக்காரங்ககிட்ட கேட்டுட்டு வர்றேன் சார்."

இழவு வீட்டுக்குள் அப்படி யாரும் வந்ததில்லை. முழங்கால் வரை கறுப்பு, குதிகாலில் ரத்தம், கையில் சட்டி. ஜெபம் பாதியில் நின்றது. "குழிக்காரி உள்ள வரலாமா?" என்று ஒரு கிசுகிசு. தையலம்மாவின் மகள் பெட்டியின் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தவள், எழுந்தாள்.

"என்ன அத்தை?"

ஆறடியக்காவுக்கு அப்போதுதான் பயம் வந்தது. அம்மாவைப் பறிகொடுத்த பெண்ணிடம் இதைக் கொண்டுவந்து காட்டுகிறோமே என்று கால் பின்னுக்கு இழுத்தது. பாயை விரித்துவிட்டிருந்தால் அந்தப் பெண் எதுவும் தெரியாமல் நிம்மதியாக வீட்டுக்குப் போயிருப்பாள். நிம்மதியாகத்தான். ஆனால் பொய்யோடு. அவளுக்காகச் சொல்லாமல் விடுகிற உரிமையை யார் கொடுத்தது?

"கண்ணு, உங்கம்மாவுக்கு மண்ணுல இடம் தர்றேன்னு சொல்லியிருந்தேன். எனக்குக் குடுத்த இடத்துல இதுதான் இருக்கு. மேல பச்சைப் பாய் போட்டு மூடச் சொன்னாங்க. உன்கிட்ட கேக்காம மூட மனசு வரல. நீ சரின்னா சரி."

மகள் சட்டிக்குள் பார்த்தாள். கையை விட்டு ஓட்டுத் துண்டை எடுத்தாள். விரலில் எண்ணெய் ஒட்டியது, மோந்து பார்த்தாள். மருந்துக்கடைக்காரி, அவளுக்கு வாசனை தெரியும்.

"அம்மா குடிச்ச தண்ணி வாசனை" என்றாள்.

மூன்று மணிக்குப் பெட்டி கல்லறைக்கு வந்தது. ஆறடியக்கா பாயை விரிக்கவில்லை. குவியல் வெயிலில் கிடந்தது, வாஷ்பேசின் பளிச்சென்று. நூறு பேர் பார்த்தார்கள். பெட்டியைக் கயிற்றில் எடுக்கப் போனபோது மகள், "வேணாம், கீழ வைங்க" என்றாள். பிறகு பாஸ்டர் பக்கம் திரும்பினாள்.

"பாஸ்டர், இப்ப நீங்க என்ன சொல்லுவீங்க? மண்ணுலேர்ந்து வந்தவங்க மண்ணுக்குப் போறாங்கன்னு சொல்லுவீங்க. நாங்க ஒரு பிடி அள்ளிப் போடுவோம். அள்ளிக் காட்டுங்க பாஸ்டர். எங்க இருக்கு மண்ணு?"

பாஸ்டர் குனிந்தார். நிஜமாகவே குனிந்து தேடினார். கையில் வந்தது ஒரு டைல்ஸ் துண்டு. அதை வைத்துக்கொண்டு நின்றார்.

"தட்டுல சுத்தமான மண்ணு இருக்கும்மா" என்றார் செயலாளர் அவசரமாக. "எல்லாம் ஏற்பாடு பண்ணியாச்சு."

"ஏற்பாடா?" என்றாள் ஆறடியக்கா. "மண்ணை ஏற்பாடு பண்ண நீங்க யாரு சார்? ஆண்டவர் கையால பிசைஞ்சது. ரெண்டு ஏக்கர் குடுத்தார். விஷம் அடிச்சீங்க, கல்லைப் போட்டு மூடினீங்க, மிச்சம் இருந்த மூலையில கக்கூஸை உடைச்சுக் கொட்டினீங்க. இப்ப அவருக்கு முன்னால ஒரு பாக்கெட்டைப் பிரிச்சு நிக்கறீங்க."

"மரியாதையாப் பேசு!"

"மரியாதையைத்தான் சார் கேக்கறேன்."

யாரோ ஒரு கிழவர் பின்னாலிருந்து, "வேற இடம் இல்லையாம்மா?" என்று கேட்டார்.

"இடம் காலுக்குக் கீழ இருக்கு" என்றாள். "நீங்க நிக்கற கல்லுக்கு அடியில. நடுப்பாதையில எந்தக் கல்லறையும் இல்ல, ஒயரும் இல்ல. ஆனா உடைக்கணும். மூணு மணி நேரம் ஆகும். வெயில்ல நிக்கணும்."

எல்லோரும் பாஸ்டரைப் பார்த்தார்கள். பாஸ்டர் செயலாளரைப் பார்த்தார். செயலாளர் தலையை மெதுவாக, கண்டிப்பாக, இல்லை என்று ஆட்டினார். டைல்ஸ் துண்டு பாஸ்டரின் கையிலேயே இருந்தது; விளிம்பு உள்ளங்கையை அழுத்தியிருக்க வேண்டும். அதைக் கீழே போட்டார்.

"உடைங்கக்கா" என்றார். "நாங்க நிக்கறோம்."

அவள் கடப்பாரையை முதல் கல்லின் இடுக்கில் செருகி நெம்பினாள். ஒன்று எழும்பினால் பக்கத்துக் கல் தானாக ஆடும். பாடகர் குழுவில் அளவெடுக்கிறாள் என்று கேலி பேசிய அந்த மனிதர்தான் முதலில் சட்டைக் கையை மடித்துக்கொண்டு வந்து கல்லைத் தூக்கி ஓரம் வைத்தார். செயலாளர் காரில் ஏறிப் போய்விட்டார்.

கல்லுக்கு அடியில் இருந்த மண் வெளுத்து, இறுகி, வாசனையே இல்லாமல் கிடந்தது. கட்டிலில் வருடக்கணக்காகப் படுத்திருந்தவரின் முதுகைப் பார்க்கிறதுபோல் இருந்தது அவளுக்கு. ஒரு புழுகூட இல்லை. இரண்டடி இறங்கின பிறகுதான் நிறம் வந்தது, ஈரம் வந்தது. ஆறு மணிக்குச் சற்று முன்னால் பெட்டியை இறக்கினார்கள். பாஸ்டர் சொல்ல வேண்டியதைச் சொன்னார். நூறு பேரும் குவியலில் கைவிட்டு அள்ளினார்கள். அன்றைக்கு யாருடைய சப்பாத்தும் சுத்தமாக இல்லை.

ஆனால் ஒரு குழியால் எதுவும் சரியாகிவிடவில்லை. அடுத்த வாரமே விளக்கம் கேட்டு ஒரு கடிதம் வந்தது: 'பொதுப் பாதையை உரிய அனுமதியின்றி மறித்தது குறித்து.' கணவர் மூக்குக்கண்ணாடியை ஏற்றிக்கொண்டு வாசித்துக் காட்டிவிட்டு, "பதில் என்ன எழுதட்டும்?" என்றார். "மண் இருந்த இடத்தில் வெட்டினேன்னு எழுதுங்க." அந்த ஒரு வரியைத்தான் எழுதி அனுப்பினார்கள். வேலையை விட்டு நிறுத்தப்போவதாகப் பேச்சு வந்தது. வேறு குழிவெட்டி கிடைக்காததால் அந்தப் பேச்சும் பரிசீலனைக்குப் போனது.

கடிதத்துக்குப் பிறகு ஒரு சனிக்கிழமை, செயலாளர் கொத்தனாரையும் கல்லையும் கூட்டிக்கொண்டு வந்தார். மேட்டைச் சமப்படுத்தி, மேலே பழையபடி கல்லைப் பதித்துவிட வேண்டுமாம். பெயரை வேண்டுமானால் ஒரு கல்லில் பொறித்துக்கொள்ளலாமாம். ஆறடியக்கா மேட்டுக்கு முன்னால் மண்வெட்டியை ஊன்றி நின்றாள்.

"கார் எப்படிம்மா திரும்பும்?"

"ரிவர்ஸ்ல போகட்டும்."

"விளையாடறியா?"

"இல்ல சார். எழுந்திருக்கற நாள்ல அவ மேல இருக்கற கல்லைப் பொரட்ட நீங்க வர்றீங்கன்னு எழுதிக் குடுங்க, பதிச்சுக்கலாம்."

கொத்தனாருக்குச் சிரிப்பு தாங்கவில்லை, இருமுவதுபோல் திரும்பிக்கொண்டார். செயலாளர் கைக்குட்டையை எடுத்தார், மடித்தார், திரும்ப வைத்தார். கொத்தனாரிடம், "இன்னைக்கு வேணாம், போலாம்" என்றார். தோற்றுவிட்டோம் என்று அவர் நினைத்திருக்க வாய்ப்பில்லை. தன்னை அவமதித்துவிட்டாள் என்றுதான் நினைத்திருப்பார். அவ்வளவுதான் அவருக்குப் புரிந்தது.

திங்கட்கிழமையிலிருந்து, குழி வெட்டு இல்லாத நாளெல்லாம் ஆறடியக்கா கிழக்கு மூலையில் இறங்கினாள். ஒரு சட்டி, இன்னொரு சட்டி. வாரிய குப்பையைத் தள்ளுவண்டியில் போட்டு, ஆலயத்துக்குப் பின்னால், கமிட்டி கார்களை நிறுத்துகிற இடத்தில் கொண்டுபோய்க் குவித்தாள். எங்கிருந்து வந்ததோ அது அங்கேயே போகட்டும். விடுமுறை நாளில் தையலம்மாவின் மகள் கையுறை மாட்டிக்கொண்டு வருவாள். ஒருநாள் பாஸ்டர் வந்து, தயங்கித் தயங்கி, வண்டியின் ஒரு பக்கத்தைப் பிடித்தார். அவள் வேண்டாம் என்று சொல்லவில்லை. வாங்க என்றும் சொல்லவில்லை.

கமிட்டியில் ஒருவர் காரைத் தெருவில் நிறுத்திவிட்டு நடந்து வந்து, மூக்கைப் பொத்திக்கொண்டு எட்டிப் பார்த்தார். "பதினோரு லாரிம்மா அது. ஒத்தை ஆளா இதை அள்ளி முடிக்க முடியுமா? என்னதான் பண்றே நீ?"

அவள் நிமிரவில்லை. கடப்பாரை ஒரு கம்பியில் சிக்கியிருந்தது, அதை விடுவித்துக்கொண்டிருந்தாள்.

"குழிதான் சார் வெட்டறேன். இது கொஞ்சம் பெருசு."